நோயலின் டிரம்ஸும் சிவப்பு லாக்கரும்

என் வீட்டுக்காரர் நோயல் டிரம்ஸ் வாசிப்பவர். எங்கள் ஊரான கோரமண்டலில் யாரைக் கேட்டாலும் எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். முன்பெல்லாம் சும்மா காட்டுவார்கள், இப்போது சிரித்துக்கொண்டே காட்டுகிறார்கள். எல்லாம் அந்தப் பாழாய்ப்போன வீடியோவால் வந்தது.

போன ஏப்ரலில் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல்யாண ரிசெப்ஷன். பாட்டு நன்றாகச் சூடு பிடித்த நேரத்தில் சிம்பலின் நட்டு கழன்றது. சிம்பல் என்றால் டிரம்ஸுக்கு மேலே ஸ்டாண்டில் மாட்டியிருக்குமே, அந்தப் பெரிய பித்தளைத் தட்டு. அது மேடையிலிருந்து குதித்து, மாப்பிள்ளையின் காலைச் சுற்றிக்கொண்டு போய், ஐஸ்கிரீம் கவுண்டருக்கு அடியில் படுத்துவிட்டது. இவர் குச்சியும் கையுமாக அதன் பின்னால் ஓடினார். எந்தப் புண்ணியவானோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டான். ஒரு மாதம் நான் வேலைக்குப் போகிற ரயிலில் தலைகாட்ட முடியவில்லை. "இன்னாக்கா, தட்டு கெடச்சுதா?" என்று மாரிகுப்பத்தில் ஏறுகிறவர்களிலிருந்து பங்காரப்பேட்டையில் இறங்குகிறவர்கள் வரை கேட்டார்கள். அதற்கப்புறம் ஒருத்தரும் நோயலை வாசிக்கக் கூப்பிடவில்லை. அவர் பாட்டுக்கு ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் பெங்களூரிலிருந்து அந்த போன் வந்தது. ஒரு ஹோட்டலில் சனி, ஞாயிறு வாசிக்கிற பேண்டுக்கு டிரம்ஸ் ஆள் வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு வாசித்துக் காட்ட வேண்டும், சொந்த டிரம்ஸ் கொண்டுவர வேண்டும். நான் சந்தோஷத்தில் கத்தினேன். இவர் கத்தவில்லை. சிம்பலைத் துடைத்துக்கொண்டே, "ஃப்ளோரா, இதான் கடைசி. அங்கயும் எதனா கழண்டு வுழுந்துச்சுன்னா இத்த வித்துடறேன். போதும்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் கண்டுகொண்டிருக்க மாட்டேன். மெதுவாகச் சொன்னார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அந்தச் சத்தத்தை விற்றுத் தொலையுங்கள் என்று வாரத்துக்கு ஒரு முறையாவது கத்தியவள் நான்தான். அவரே விற்கிறேன் என்றதும் அவர் கையிலிருந்த துணியைப் பிடுங்கி நானே சிம்பலைத் துடைத்தேன். டிரம்ஸ் இல்லாத நோயலை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் எனக்கு ஆசையில்லை.

"நட்டுதானே பிரச்சினை? நட்ட எங்கிட்ட வுடுங்க" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. மாலூரில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக நட்டு முடுக்குவதுதான் என் பிழைப்பு. எங்கள் அப்பா சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில், ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜுக்கு ஃபிட்டராக இருந்தவர். கேஜில் ஒரு நட்டு கழன்றால் ஒரு ஷிஃப்ட் ஆட்களின் உயிரே போய்விடும் என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக் கட்டிலின் நட்டைக்கூட மாதா மாதம் சோதிப்பார். அந்த ரத்தம் எனக்கு. கழலக்கூடிய ஒரு நட்டைப் பார்த்தாலே கை பரபரக்கும்.

ஆனால் இந்தச் சிம்பல் நட்டில் ஒரு தொல்லை உண்டு. அதை இறுக்கக் கூடாது. தட்டு ஆட வேண்டும், ஆடினால்தான் ஓசை நிற்காமல் போகும். இறுக்கினால் அலுமினியச் சட்டியைத் தட்டின மாதிரி 'டப்' என்று செத்துவிடும். இறுக்காமல் விட்டாலோ நாலு பாட்டில் தானாகச் சுற்றி மேலே வந்துவிடும். ஒரு தடவை நான் ஸ்பேனர் போட்டு இறுக்கிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்குத்தான் தெரியும்.

இறுக்கவும் கூடாது, கழலவும் கூடாது என்றால் அதற்கு மருந்து ஒன்றுதான், திரெட் லாக்கர். மரை மேல் இரண்டு சொட்டு விட்டு நட்டைப் போட்டுவிட்டால், எந்த இடத்தில் நிறுத்துகிறோமோ அதே இடத்தில் கெட்டியாகி நட்டைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் லைனில் ஒரு நாளைக்கு நானூறு ஸ்டட்டு போல்ட்டுக்கு நான் விடுவது அதைத்தான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மாலூரிலேயே ஒரு ஹார்டுவேர் கடையில் கேட்டேன். கடைக்காரன், "நீலமா, சிவப்பா மேடம்?" என்றான்.

"பதினோரு வருஷமா போடறேன், எனக்கே பாடம் எடுக்கறியா? சிவப்பு குடு" என்று ஒரு அதட்டல் போட்டேன். பாவம், வாயை மூடிக்கொண்டு கொடுத்தான். அந்தப் பிள்ளையைப் பேச விட்டிருக்கலாம்.

வீட்டில் நோயல் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாமே, பாதிதான் கீது. ஏமாத்திட்டான்" என்றார்.

"புதுசே அப்படித்தாங்க வரும். காத்து இருந்தாத்தான் அது தண்ணியா இருக்கும். காத்து போவாத எடத்துல, இரும்புக்கு நடுவுல மாட்டிக்கினா கல்லாப் பூடும். ரொப்பி வெச்சா பாட்டில்லயே ஒறஞ்சிக்கும்."

"காத்து இல்லன்னா கெட்டியாவுதா? நம்ம ஒடம்பு மாதிரி, மூச்சு போனா வெறச்சிக்கும்" என்று சிரித்தார். ஏப்ரலுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவர் டிரம்ஸ் பக்கத்தில் நின்று சிரித்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிபார்த்தார். ஸ்டாண்டின் உயரம், சாய்வு, சிம்பல் எவ்வளவு ஆட வேண்டும் என்பது எல்லாம். ஒரு மணி நேரம் ஆனது. எழுந்து நின்று தள்ளிப்போய்ப் பார்த்தார். "ஃப்ளோரா, அப்பிடியே கீதுபா. இப்பிடியே இருக்கணும். ஒரு நூல் நவரக் கூடாது" என்று சொல்லிவிட்டு, சர்ச்சில் பாட்டுப் பிராக்டிஸுக்குப் போய்விட்டார்.

ஒரு நூல் நகரக் கூடாது. சரி, நகராது.

வேலை என்றால் எனக்குச் சுத்தம் முக்கியம். ஒவ்வொரு நட்டாகக் கழற்றினேன். கழற்றும் முன் இருந்த இடத்தில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு. மரையில் இவர் வருஷக்கணக்காக விட்டிருந்த எண்ணெயைத் தின்னர் போட்டுத் துடைத்தேன், ஏனென்றால் எண்ணெய் இருந்தால் லாக்கர் பிடிக்காது. காய்ந்ததும் இரண்டு சொட்டு, அப்புறம் கோட்டுக்குக் கோடு சேர்கிற வரை நட்டு. தோலை இழுத்துப் பிடிக்கிற ஆணிகளைத் தொடவில்லை, அது அவருடைய காது சம்பந்தப்பட்டது. மற்றதில் ஒன்றையும் விடவில்லை. சிம்பல் நட்டு, சின்ன டிரம்களைப் பெரிய டிரம்மின் மேல் நிறுத்துகிற நட்டு, ஸ்டாண்டின் உயர நட்டு, ஸ்டாண்டின் மூன்று காலையும் விரித்துப் பிடிக்கிற நட்டு என்று முப்பத்தொன்று. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது இடுப்பு போய்விட்டது. ஆனால் மனசுக்கு அப்படி ஒரு நிம்மதி. அப்பா பார்த்திருந்தால் ஒரு குறை சொல்லியிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். ஹாலில் முக்கல் முனகல் சத்தம். எட்டிப் பார்த்தேன். நோயல் சிம்பல் ஸ்டாண்டைத் தொடையில் இடுக்கிக்கொண்டு நட்டைத் திருகிக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"இன்னா பண்றீங்க?"

"கழட்டறேன்."

"எதுக்குக் கழட்டறீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கழட்டி, மடிச்சி, பையில போட்டுத்தானே எடுத்துகினு போவணும்? அப்பிடியே தலையில வெச்சிகினா போவேன்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. பதினோரு வருஷமாக நான் முடுக்கிய ஒரு நட்டையும் யாரும் கழற்றி நான் பார்த்ததில்லை. முடுக்கினால் பம்பு அடுத்த ஆளிடம் நகர்ந்து போகும். அங்கிருந்து பெட்டிக்குள் போகும், பெட்டி லாரிக்குள் போகும். நட்டு என்றால் எனக்கு முடுக்குவதற்கு மட்டும்தான். நீலம், வேண்டும்போது ஸ்பேனர் வைத்துக் கழற்றுகிறவர்களுக்கு. சிவப்பு, இனிமேல் கழற்றவே மாட்டேன் என்கிறவர்களுக்கு. இது எனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்துதான் சிவப்பை வாங்கினேன்!

"சூடு பண்ணா வுட்டுரும்" என்றேன், குரலை இறக்கி.

இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி நட்டின் மேல் பத்து நிமிஷம் வைத்தேன். நட்டு அசையவில்லை. மெழுகுவர்த்தி பிடித்தேன். உள்ளே இருந்த பிளாஸ்டிக் வளையம் புகைந்து, வீடு முழுக்க நாற்றம் கிளம்பியதுதான் மிச்சம். கம்பெனியில் இதற்கென்றே சூட்டுக் காற்று அடிக்கிற ஹாட் கன் உண்டு, ஞாயிற்றுக்கிழமை அதற்கு எங்கே போவேன்? நோயல், "வுட்டுரு தாயே, தோலு உருகிடும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டார்.

"கழண்டு வுழுதுன்னு ஒரு தபா போச்சி. கழலலன்னு இந்தத் தபா போவுது" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். "இன்னா போவுது? எதுவும் போவல. எழுந்திருங்க. நின்ன வாக்குலயே தூக்கினு போவோம்" என்று கத்திவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

நல்ல வேளை, பேத்தமங்களாவிலிருந்து காய்கறி கொண்டுவருகிற ராஜப்பா எங்கள் தெருவில் வண்டியை நிறுத்திக் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தான். குட்டி லாரி மாதிரி ஒரு வண்டி. "ராஜப்பா, பெங்களூர் வரைக்கும் வரியா?" என்றேன்.

"பெங்களூரா? மூட்ட எல்லாம் கீதேக்கா. ஸ்டேஷன்ல விடறேன், ஆய்த்தா?"

ஆயிற்று. கத்தரிக்காய், கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் டிரம்ஸை அப்படியே ஏற்றினோம். தலையில் இரண்டு குட்டி டிரம்களைச் சுமந்த பெரிய டிரம் ஒன்று, காலை விரித்துக்கொண்டு நிற்கிற ஸ்டாண்டுகள் மூன்று, மிச்சம் இரண்டு டிரம், ஆக மொத்தம் ஆறு. வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் சிம்பல் 'ஜங்' என்றது. தெருவில் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். "இன்னாக்கா, ஊர்வலமா?" என்று கேட்டவனை முறைத்தேன், அவ்வளவுதான்.

கோரமண்டலில் ரயில் ஒரு நிமிஷம்தான் நிற்கும். ஒரு நிமிஷத்தில் ஆறு சாமானையும் ஏற்ற வேண்டும். ராஜப்பா கீழே நின்று தூக்கிக் கொடுக்க, நோயல் மேலே வாங்க, ஸ்டாண்டின் மூன்றாவது கால் கதவில் மாட்டிக்கொண்டது. விசில் ஊதிவிட்டார்கள். "புடிங்கப்பா, பாத்துகினே இருந்தா?" என்று நான் போட்ட சத்தத்தில், உள்ளே சீட்டு ஆடிக்கொண்டிருந்த நாலு பேர் சீட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஸ்டாண்டைப் படுக்கவைத்து, திருப்பி, ஒருவழியாக உள்ளே இழுத்தார்கள். கடைசியாக என்னை இழுத்தார்கள்.

பெட்டியில் பாதி இடம் எங்களுக்கே போய்விட்டது. பூக்காரி கங்கம்மா எப்போதும் கதவோரம் உட்காருகிறவள். இடம் போன கோபத்தில் கொஞ்ச நேரம் முணுமுணுத்தாள். அப்புறம் எழுந்து, சிம்பல் ஸ்டாண்டை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. கூடையிலிருந்த மல்லிச் சரத்தை எல்லாம் எடுத்து அதன் மேல் தொங்கவிட்டாள்.

"நல்லா ஸ்ட்ராங்கா கீது. எங்க வாங்கின? எனக்கொண்ணு சொல்லு" என்றாள்.

நோயல் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். டைகல் ஸ்டேஷனைத் தாண்டும்போது சீட்டு ஆடுகிறவர்களில் ஒருத்தர், "சொம்மா வெச்சிகினு கீறியே, ஒண்ணு தட்டு வாத்தியாரே" என்றார். நோயல் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ரயில் தடதடப்புக்கு ஏற்ற மாதிரி மெதுவாக ஆரம்பித்தார். ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் பக்கத்துப் பெட்டிக்காரர்கள் எல்லாம் எங்கள் பெட்டிக்கு வந்துவிட்டார்கள். அந்த வீடியோவைப் பற்றி ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அதிலேயே பாதி உயிர் திரும்பியது.

ரயிலிலிருந்தே போன் போட்டுச் சொன்னதில், பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் பேண்டின் வேன் வந்திருந்தது. ஹோட்டல் கீழ்த்தளத்தில் பெரிய ஹால். ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் மமதா என்கிற மேனேஜர், ஒரு கையில் ஒரு ஃபோனும் இன்னொரு கையில் இன்னொரு ஃபோனுமாக நின்றிருந்தார். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர். நல்லா வாசித்தார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஆளுக்கு அரை மணி நேரம் சாமானை மாட்டினார்கள். மூன்று மணிக்கு அதே ஹாலில் ஒரு பர்த்டே பார்ட்டி. பலூன் கட்டுகிறவர்கள் ஏற்கெனவே வந்து ஏணியைப் போட்டுவிட்டார்கள். நோயல் முறை வந்தபோது இருபது நிமிஷம்தான் பாக்கி.

மமதா கடிகாரத்தைப் பார்த்தார். "ஸாரி சார், இனி நீங்க செட் பண்றதுக்கே டைம் இல்ல" என்று கன்னடத்தில் சொன்னார்.

நோயல் குச்சியைப் பைக்குள் போடப் போனார். சரி என்று தலையாட்டிவிடுவாரோ என்று எனக்குப் பகீர் என்றது. நான் முந்திக்கொண்டு எனக்குத் தெரிந்த கன்னடத்தில், "ரெண்டு நிமிஷம் மேடம், ரெண்டே நிமிஷம்!" என்றேன். வேன்காரனும் நானும் நோயலும் ஆறு சாமானையும் தூக்கி மேடையில் வைத்தோம். வைத்தோம், அவ்வளவுதான். ஒரு நட்டைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை. மமதா ஃபோனைக் கீழே இறக்கிப் பார்த்தார்.

நோயல் ஆரம்பித்தார்.

முதல் பாட்டில் என் கண் நட்டின் மேல்தான் இருந்தது. அவர் கண்ணும் அங்கேயே இருந்தது. சிம்பலை ஒரு அடி அடிப்பார், உடனே இடது கை மேலே போய் நட்டைத் தொட்டுத் திருகிவிட்டு இறங்கும். மின்னல் மாதிரி நடக்கும், யாருக்கும் தெரியாது. அதுவும் வாசிப்பில் ஒரு பாகம் என்றுதான் பதினெட்டு வருஷமாக நானும் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இந்த மனுஷன் வாழ்நாள் முழுக்கப் பயந்து பயந்து வாசித்திருக்கிறார்.

ஒரு தடவை கை போனது, நட்டு அசையவில்லை. இரண்டாவது தடவை போனது, அசையவில்லை. மூன்றாவது தடவை பாதி தூரம் போய்த் திரும்பிவிட்டது. அப்புறம் போகவே இல்லை.

இரண்டாவது பாட்டில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஐயோ, என்னவென்று சொல்வேன். இரண்டு கையும் முழுசாக வாசிப்புக்குக் கிடைத்துவிட்டது. சிம்பல் ஆடியது, ஓசை நிற்காமல் ஹால் முழுக்கப் போனது. எங்கள் வீட்டில் நான் கத்திக் கத்தி நிறுத்தச் சொன்ன சத்தம் இது இல்லை. கிடாருக்காரர் திரும்பி நோயலைப் பார்த்துச் சிரித்தார். பலூன்காரன் ஏணி மேலேயே உட்கார்ந்துவிட்டான். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை.

முடிந்ததும் மமதா மேடைக்கே வந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து வாருங்கள் என்றார். நோயலுக்குக் காதில் ஏறவில்லை. நான்தான் இரண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கொண்டேன்.

"செட்ட கழட்டி ஸ்டோர் ரூம்ல வெச்சிடுங்க சார், வாராவாரம் தூக்கிட்டு வரவேணாம்" என்றார்.

நோயல் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் நான் உண்மையைச் சொன்னேன். சிவப்பு, நீலம், பம்பு, ஸ்டட்டு, இஸ்திரிப் பெட்டி எல்லாம். மமதாவுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. "அப்போ மேடையிலயே இருக்கட்டும் விடுங்க, பர்த்டே பார்ட்டிக்கு ஒரு துணி போத்திடறோம்" என்றார்.

ஹோட்டலை விட்டு வெறுங்கையோடு வெளியே வந்தோம். நல்ல வெயில். கேட்டைத் தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார். வேலை கிடைத்ததைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஃப்ளோரா, நான் கண்ண மூடிகினேன். பாத்தியா?"

"பாத்தேன்."

"மொத தபா" என்றார். "சின்ன வயசுலேர்ந்து வாசிக்கறேன், இதான் மொத தபா."

அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன்.